நான்கு மூலை மஞ்சள்

நம் ஆலோசனை ஆசிரியருக்குப் பெர்மாஸ் ஜெயா மண்டபத்தில் எடுக்கப்போகும் பாராட்டு விழாவின் மலருக்கு என் பங்குக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மூன்றாவது முறை கும்பிடும் கைகளையும் சேர்த்துப் போட்டிருந்தீர்கள். எழுதிவிட்டேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். ஆனால் விழாவுக்கு முன்னால் ஒவ்வொருவரும் படித்துவிட வேண்டும். ஐந்தாம் படிவத்தில் ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள் என்ற உரிமையில் கேட்கிறேன். நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் போட்டுவிட்டுப் படியுங்கள்.

எல்லாம் போன வாரம் குழுவில் வந்த அந்தப் படத்தால் வந்தது. நம்மில் ஒருவர் நாம் படித்த அதே பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறார். விழாவில் காட்டப் பழைய படங்கள் கிடைக்குமா என்று ஆலோசனை அறையின் இரும்பு அலமாரியைக் குடைந்தபோது, ஒரு கோப்பிலிருந்து நான்கு பக்க விண்ணப்பப் பாரம் ஒன்று விழுந்திருக்கிறது. நான்கு மூலைகளிலும் மஞ்சள் கறை. ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து, யாருடையது என்று கண்டுபிடிக்கச் சொல்லிப் போட்டார். அரை மணி நேரத்தில் வரிசையாகச் சிரிப்பு முகங்கள். ஒருவர் 'குன்யிட்' என்று மட்டும் எழுதினார். மலாய்க்காரர்கள் மஞ்சளுக்குச் சொல்லும் பெயர் அது. ஐந்தாம் படிவத்தின் கடைசி மாதங்களில் நீங்கள் எனக்கு வைத்த பெயரும் அதுதான்.

நானும் முதலில் சிரித்தேன். என் பதினேழு வயதுக் கையெழுத்தைப் பார்த்ததில் ஒரு சந்தோஷம் கூட. பிறகு நான்காம் பக்கத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அதில் என்ன இருந்தது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

அந்தப் பாரம் எந்தப் படிப்புக்கு என்று மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐந்தாம் படிவம் முடித்தவர்களுக்கான இரண்டு வருட டிப்ளோமா அது. தலைநகர் கேஎல்லுக்குப் பக்கத்தில் தங்கிப் படிக்க வேண்டும். உலகத்தில் எந்த ஊரில் படித்தாலும் ஒரே பரீட்சை, முடித்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கதவைத் திறக்கும் என்று ஆலோசனை ஆசிரியர் காலைச் சபையில் நின்று சொன்னார். தேர்வானவர்களின் செலவு முழுவதும் படிப்பை நடத்துகிறவர்கள் பொறுப்பு. நம் பள்ளிக்கு அந்தப் பாரங்கள் வந்தது அதுதான் முதல் தடவை. மாசாயில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் மகளுக்கு அப்படி ஒரு கதவு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

வெளிநாடு எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அந்தப் படிப்பில் ஒவ்வொருவரும் தானே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைத் தேடிப்போய், நீண்ட கட்டுரையாக எழுத வேண்டுமாம். அதுவரை பள்ளியில் கேள்வியும் அவர்களுடையது, பதிலும் அவர்களுடையது. மனப்பாடம் செய்வது மட்டும்தான் நம்முடையது. பாரத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரே கேள்வி, கீழே முழுக்கக் கோடுகள். 'எதைக் கண்டுபிடிக்க ஆசைப்படுகிறாய்?' என்று என்னிடம் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஆந்தை.

கூலாய்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் தாய்மாமா குலை வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறைகளில் அங்கேதான் போவேன். எலிகள் செம்பனைப் பழத்தைக் கடித்துப் பாழாக்குகின்றன என்று நிர்வாகம் அங்கங்கே கம்பம் நட்டு, அதன் மேல் மரப்பெட்டி கட்டி, ஆந்தை குடியேற விட்டிருந்தது. தோட்டத்து ஆட்களுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆந்தை கத்தினாலே வீட்டுக்குள் சூடம் ஏற்றுகிற சனம், அதற்கு வீடு கட்டிக் கொடுத்தால் என்ன சொல்வார்கள்? மாமா மட்டும் சிரிப்பார். "நம்மள விட நல்லா வேலை செய்யுது பாரு. சம்பளம் கேக்க மாட்டேங்குது, காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு லேட்டா வர மாட்டேங்குது," என்பார்.

ஆந்தை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்குக் கீழே அந்த உருண்டைகள் கட்டைவிரல் பருமனில் கிடக்கும். நான் அவற்றைப் பொறுக்கி, பிஸ்கட் தகரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, குச்சியால் பிரித்துப் பார்ப்பேன். உள்ளே எலி மண்டை ஓடுகள், வெள்ளை வெளேரென்று, ஆரஞ்சு நிறப் பல்லோடு. ஈரமான எலி மயிரின் வாடையும், தரையில் சிந்திப் புளித்த செம்பனைப் பழத்தின் வாடையும் கலந்து அடிக்கும். எந்தப் பெட்டியின் கீழ் எத்தனை மண்டை, பெட்டிக்குப் பக்கத்து மரங்களில் கடிபட்ட பழம் குறைகிறதா, தள்ளி இருக்கும் மரங்களில் எப்படி என்று ஒரு நோட்டில் எழுதிவந்தேன். மூன்று விடுமுறை எழுதினேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. மாமா மட்டும் வெட்டுக்குப் போகும்போது கடிபட்ட பழங்களை எடுத்து மரத்தடியில் வைத்துவிட்டு வருவார், நான் போய் எண்ணிக்கொள்ள.

அம்மாவுக்கு இது தெரிந்தபோது வீட்டில் ஒரு ஆட்டம் நடந்தது. வயசுக்கு வந்த பிள்ளை ஆந்தை கக்கியதைக் கிண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே என்று மாமாவைத் திட்டித் தீர்த்தாள். கூலாயிலிருந்து திரும்பியதும் மஞ்சள் தண்ணீரில் என்னைக் குளிப்பாட்டிய பிறகுதான் வீட்டுக்குள் விட்டாள். அப்பா பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வந்து இறங்கியவர், ஈரத்தலையோடு நின்ற என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மாவை உங்களுக்கெல்லாம் தெரியும். பள்ளிக் கேன்டீனில் நாசி லெமாக் போட்டுக் கொடுத்த ஆன்ட்டி. பசியோடு வருகிறவன் முகத்தைப் பார்த்து ஒரு கரண்டி சோறு கூட வைப்பாள், சம்பல் கேட்காமலே ஊற்றுவாள். இன்றைக்குக் குழுவில் சிரிப்பு முகம் போட்டவர்களில் பாதிப்பேர் அவள் கையால் தின்றவர்கள்தான்.

பாரத்தை நிரப்ப எனக்குப் பத்து நாள் ஆனது. முதல் பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்கள், பென்சிலால் கருப்பாக்க வேண்டும், மெஷின் படிக்கும். இரண்டாம் பக்கம் பரீட்சை முடிவுகள். மூன்றாம் பக்கம் ஆந்தை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதி, கிழித்து, மறுபடி எழுதி, கடைசியில் பாரத்தில் மையால் எழுதினேன். நான்காம் பக்கம் பள்ளிக்கு உரியது. மாணவரைப் பற்றி ஆலோசனை ஆசிரியர் எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரைச் சாப்பு அடித்துத்தான் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். இந்த நான்காம் பக்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாள். சொன்னேன். முகம் மாறிவிட்டது. "இதுலயும் ஆந்தையா?" என்றாள். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதத்தில் வேறு எதையாவது எழுதக் கூடாதா என்று கெஞ்சினாள். முடியாது என்றேன். பிறகு, ஆந்தை என்று எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். விரல் வைத்துக் காட்டினேன். அந்தச் சொல் அந்தப் பக்கத்தில் எட்டு இடத்தில் வந்திருந்தது. நான் ஒன்றைத்தான் காட்டினேன்.

காலையில் நான் சடை பின்னிக்கொண்டு வந்து பார்க்கும்போது, பாரம் சாமிப்படங்களுக்கு முன்னால் இருந்தது. பக்கத்தில் மஞ்சள் குழைத்த மங்கு. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவார்களே, அந்தப் பீங்கான் மங்கு. அம்மா பிறந்த தோட்டத்திலிருந்து கொண்டுவந்தது, விளிம்பில் ஒரு சின்ன விரிசல். வீட்டில் எந்த நல்ல காகிதம் வந்தாலும் அம்மா அதில்தான் மஞ்சள் குழைப்பாள். அப்பாவின் வேலைக் கடிதம், வீட்டுச் சாவியோடு வந்த பத்திரம், என் பிறப்புப் பத்திரம், எல்லாவற்றின் மூலையிலும் அந்த மங்கு மஞ்சள் உண்டு. என் பாரத்தின் நான்கு மூலையிலும் வைத்திருந்தாள். மூன்றாம் பக்கத்தைத் திறந்து, நான் காட்டிய அந்த ஒரு ஆந்தைக்கு மேலும் கடுகளவு ஒரு பொட்டு.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மா பதறவில்லை. "காஞ்சா தெரியாது பாப்பா. ஆந்தையோட போற காகிதம், மஞ்சளோட போகட்டும்," என்றாள். ரப்பரால் அழித்தேன். மஞ்சள் போகவில்லை, பரவிக்கொண்டது.

ஆலோசனை அறையில் ஆசிரியரிடம் பாரத்தை நீட்டினேன். அவர் வாங்கினார், புரட்டினார், மூலையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அவ்வளவுதான். அவர் மேசையில், கண்ணாடித் தம்ளருக்குப் பக்கத்தில், எழுதாத பாரங்கள் ஒரு கட்டு இருந்தன. நான் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தக் கட்டும் அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையமும் தெரிகின்றன. தலைநகருக்கு அனுப்பவேண்டிய கடைசி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. வேறொன்றில் எழுதிக்கொண்டு வா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே எழுதி முடித்திருப்பேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் காத்திருந்தேன். நம் பள்ளியிலிருந்து இன்னும் இரண்டு பேர் பாரம் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அதில் ஒருவர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குக் கடிதம் வரவில்லை. ஆசிரியரிடம் போய்க் கேட்கத் தைரியமும் வரவில்லை. ஆனால் பதில் வந்தது, கேன்டீனில், ஓய்வு நேரத்தில், உங்கள் எல்லார் முன்னிலையிலும்.

நான் வரிசையில் மூன்றாவதாகத் தட்டோடு நின்றேன். ஆசிரியர் தேநீருக்கு வந்தவர், அம்மா நிற்கும் பலகைக்கு மேல் சாய்ந்துகொண்டு பேசினார். குரலைத் தாழ்த்தவே இல்லை.

"அக்கா, உங்க மகளோட பாரத்த கேஎல்ல மெஷின் துப்பிருச்சாம். மஞ்ச பூசுனா மெஷின் எப்படிப் படிக்கும்? இனிமே மஞ்சள பாரத்துக்குப் பூசாதீங்க, புள்ளைக்குப் பூசுங்க."

வரிசை முழுவதும் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். சார் சிரிக்கும்போது கூடச் சிரிக்க வேண்டும் என்று அவள் நினைத்திருப்பாள். சொன்னது விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடுத்துத் தட்டை நீட்டியவனுக்குச் சோறே வைக்காமல் சம்பலை மட்டும் ஊற்றினாள். அவன் 'ஆன்ட்டி, நாசி எங்கே' என்று கேட்டான், மறுபடியும் சிரிப்பு. நான் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடினேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நான் உங்களுக்கெல்லாம் குன்யிட் ஆகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன். பிறரை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால் நான் யார்? சாமி மாடத்திலிருந்து அந்த மங்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், சாக்கடைக் கல்லில் ஓங்கி அடித்தேன். நான்கைந்து துண்டாகப் போனது. அம்மா அடுப்பங்கரைக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னால்தான் என் வாழ்க்கை போச்சு என்று சொன்னேன். உன் படிக்காத புத்தியால் என்றும் சொன்னேன். அவள் துண்டுகளைப் பொறுக்கிப் பழைய பத்திரிகையில் சுற்றிக் குப்பையில் போட்டாள். இரண்டு மாதம் அவளோடு நான் பேசவில்லை. அப்பா நடுவில் வந்து பேசச் சொன்னபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என் வாழ்க்கை ஒன்றும் பாழாகிவிடவில்லை. ஆறாம் படிவம் படித்தேன், எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் பரிசோதனைக்கூட வேலை கிடைத்தது, இத்தனை வருடம் செம்பனை எண்ணெயின் தரம் பார்த்துத்தான் பிள்ளைகளை வளர்த்தேன். நன்றாகத்தானே இருக்கிறாய் என்று சொல்லி யாரும் இதிலிருந்து நழுவ வேண்டாம். என் ஆந்தை நோட்டு எங்கே போனது என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு வேறு யாரோ பதில் கண்டுபிடித்துப் புத்தகத்தில் எழுதியிருப்பதை வெகு காலம் கழித்து ஆலை நூலகத்தில் பார்த்தேன். என் நோட்டில் பாதி வழி வந்திருந்தேன். அன்றைக்குக் கழிவறையில் போய் நின்று அழுதேன்.

ஆனால் நான் எழுத வந்தது என் இழப்பைப் பற்றி அல்ல. அம்மாவைப் பற்றி.

அந்த நாளுக்கப்புறம் அம்மா எந்தக் காகிதத்துக்கும் மஞ்சள் வைக்கவில்லை. தம்பி தொழிற்பயிற்சிக்குப் பாரம் நிரப்பியபோது மேசைப் பக்கமே வரவில்லை. என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று நான் அதை அவள் முன்னால் வைத்தேன். தப்பை எல்லாம் மறந்துவிட்டேன் என்று காட்ட நினைத்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என் கை வேணாம்மா. ஒருதடவ பட்டது போதும்," என்று சொல்லிவிட்டு, அப்பாவின் தங்கையைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னாள். பெற்ற மகளின் பத்திரிகைக்கு அத்தை மஞ்சள் வைக்க, அம்மா வாசல்படியில் நின்று பார்த்தாள். என் மகள் போன வருடம் கல்லூரிக்குக் கணினியில் விண்ணப்பித்தாள், காகிதமே கிடையாது. அந்தக் கணினி இருந்த அறைக்குள்கூட அம்மா வரவில்லை. வேலை முடிந்துவிட்டதா என்று வெளியிலிருந்து கேட்டாள். ஒரு பெண் முப்பது வருடத்துக்கும் மேலாகத் தன் கையைத் தானே ஒதுக்கிவைத்திருக்கிறாள். நாங்களும் அதைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

இப்போது நான்காம் பக்கத்துக்கு வருகிறேன். குழுவில் இன்னும் அந்தப் படம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். ஆலோசனை ஆசிரியர் எழுத வேண்டிய இடம் காலி. தலைமையாசிரியர் கையெழுத்து இல்லை. பள்ளிச் சாப்பு இல்லை. கேஎல்லில் வாங்கிக்கொண்டதற்கான சாப்பு எங்கும் இல்லை. தபாலுக்காக மடித்த மடிப்பு ஒன்றுகூட இல்லை. அந்தப் பாரம் தலைநகருக்குப் போகவே இல்லை. ஆலோசனை அறையின் இரும்பு அலமாரியைத் தாண்டவே இல்லை. எந்த மெஷினும் அதைத் துப்பவில்லை. அவர்தான் துப்பினார்.

உடனே விழா ஏற்பாட்டுக் குழுத் தலைவரைக் கூப்பிட்டேன். அவர் நல்ல மனிதர், நேரே ஆசிரியரிடமே கேட்டுவிட்டார். ஆசிரியருக்கு எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். மஞ்சளும் அழித்த அழுக்குமாக ஒரு பாரத்தைக் கேஎல்லில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நம் பள்ளியின் பெயரில் அனுப்ப மனம் வரவில்லையாம். முதல் தடவையே இந்தியப் பிள்ளைகள் இப்படித்தான் என்று நினைத்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்குக் கெடுதல் என்று யோசித்தாராம். மெஷின் என்று சொன்னது எங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காகவாம். இதைச் சொல்லிவிட்டுத் தலைவர் என்னிடம், "பழைய கதை, விடு லா. அவருக்கும் வயசாயிருச்சு," என்றார்.

விடுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர் வீட்டுக் காகிதங்களில் மஞ்சள் கிடையாதா? அவர் கல்யாணப் பத்திரிகையில் கிடையாதா? அதே மஞ்சள்தானே? வெள்ளைக்காரன் பார்ப்பானே என்று கூசியது சரி, அது அவருடைய பயம். அந்தப் பயத்துக்கு என் அம்மாவை ஏன் பலி கொடுத்தார்? அனுப்பவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கலாம். கிழித்துப் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் அவரை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன், அவ்வளவுதான். என் அம்மாவை வெறுத்திருக்க மாட்டேன். மனம் நோகக் கூடாது என்று யோசித்தவர், சோற்றுக் கரண்டியோடு நின்ற ஒரு பெண்ணை ஐம்பது பிள்ளைகள் முன்னால் வைத்தா சிரிப்பது?

மறுநாளே மாசாய் வீட்டுக்குப் போனேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கைப்பேசியில் பாரத்தைக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில் அந்தப் பொட்டு இன்னும் இருந்தது. "ஆந்தை," என்று மெதுவாகச் சொன்னாள். எழுத்தை வாசித்துச் சொல்லவில்லை. வைத்த இடம் ஞாபகம் இருந்திருக்கிறது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். நான்காம் பக்கத்தைக் காட்டினேன், சாப்பு இல்லாததைக் காட்டினேன், ஆசிரியரே ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். உன் மஞ்சளால் ஒன்றும் கெடவில்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு கீரையை எடுத்தாள்.

"யாரோ மாத்திச் சொல்றாங்கம்மா," என்றாள். "சாரு என்கிட்ட நேரா நின்னு சொன்னாரு. படிச்சவரு, அவரு எதுக்கு நம்மகிட்ட பொய் சொல்லணும்? நீ என் மனசு ஆறணும்னு சொல்ற."

அழுதேன், கோபப்பட்டேன், சத்தம்கூடப் போட்டேன். அவள் அசையவில்லை. அவள் பெற்ற மகள் நான், ஆலையில் முப்பது வருடம் உண்மையைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவள், சொல்வதை நம்பவில்லை. தேநீர் குடிக்க வந்த இடத்தில் அவர் சொன்ன ஒரு வரியை நம்புகிறாள். என்னால் எடுக்க முடியாத முள் அது. குத்தியவர்தான் எடுக்க வேண்டும்.

அதனால்தான் விழாவுக்கு வருகிறாயா என்று அவளிடம் கேட்டேன். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சார் இன்னும் நன்றாக இருக்கிறாரா, தேநீருக்குச் சீனி கம்மியாகத்தானே போடச் சொல்வார் என்றெல்லாம் விசாரித்தாள். அரக்குச் சேலையை இஸ்திரி போடச் சொல்லியிருக்கிறாள். சம்பல் செய்து ஒரு போத்தலில் எடுத்து வருவாளாம். கடைசியில் கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அன்னைக்கு அவரு நல்லதுதான் நெனச்சாரு. நான்தான் மஞ்சளப் பூசிக் கெடுத்துட்டேன். அப்ப ஒரு வார்த்தகூட சொல்லல, சிரிச்சுட்டு நின்னுட்டேன். இப்பப் பாத்தா அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கணும்."

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். மலரில் என் பக்கம் வேண்டாம். மாலை போடுங்கள், பொன்னாடை போர்த்துங்கள், எத்தனை பேர் வேண்டுமானாலும் மேடையேறிப் புகழுங்கள், நானும் உட்கார்ந்து கை தட்டுகிறேன். அதற்கு முன்னால், மண்டபத்து வாசலிலேயே, அவரை அம்மாவிடம் அழைத்து வாருங்கள். 'உங்க மஞ்சளால இல்லக்கா, நான்தான் அனுப்பல' என்று அவர் வாயால் சொல்லட்டும். அன்றைக்குக் கேன்டீனில் சொன்ன அதே குரலில், பக்கத்தில் நிற்கும் உங்களுக்கும் கேட்கும்படி சொல்லட்டும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மா வேகமாக நடக்கிறவள், சம்பல் போத்தலோடு நேரே அவரிடம்தான் போவாள். அவள் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் அவர் பேசிவிட வேண்டும்.